இடது பின்பக்கம், ஒரு தட்டு

சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்த புது ரப்பரைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தபோது, குளிப்பாட்டிய குழந்தையின் கணுக்காலைப் பிடித்தாற்போல் அது வழுக்கியது என்று ஆறுமுகநயினாருக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில், நாளைப் பத்து மணி வரைக்கும் எதையும் முந்திக்கொண்டு நினைக்கக் கூடாது என்று தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதியை மீறிவிட்டோமே என்று ரப்பரை மறுபடியும் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டார். கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் விரித்திருந்த கோணிச்சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தார் அவர். அறுபத்தொன்பது வயது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தரையை எண்ணிக்கொண்டிருந்தது. முகத்துக்கு ஒன்றரை முழ உயரத்தில் பியட் காரின் அடிப்பக்கம், முப்பத்தெட்டு வருஷத்துப் புழுதியும் கிரீசும் சேர்ந்து யானைத்தோலாகத் தடித்துக் கிடந்தது. வெளியே சனிக்கிழமைக் காலை. பெருமாள்புரத்துத் தெருவில் கோலமாவுக்காரன் குரல் இரண்டாவது சுற்று வந்துவிட்டது, அப்படியானால் மணி ஒன்பதரை. நாளைக்கு இந்நேரம் மகள் கோமுவைப் பின் இருக்கையில் உட்கார்த்திக் கிளம்பியிருக்க வேண்டும். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, கர்ப்பப்பை வாயில் போட்டிருக்கும் தையலைப் பிரித்து, அதன்பின் எந்த நேரமும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மருமகன் கார்த்தீசன் ஓசூரிலிருந்து போன் போட்டு, நல்ல கால் டாக்சியாகச் சொல்லிவிடவா மாமா, இப்போது வருகிற வண்டியெல்லாம் குலுக்கலே தெரியாது என்று பக்குவமாகத்தான் கேட்டான். கோமுதான் மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா காரில்தான் போவேன் என்றாள். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நயினாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொட்டகைக்கு வந்து, காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

நேற்றே வலப்பக்கம் முடிந்துவிட்டது. இன்று இடப்பக்கம். காரின் பின்பாரம் முழுவதையும் வில்லாக வளைந்த இரண்டு எஃகுப் பட்டைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு பட்டையின் தலைப்பிலும் ஒரு வளையம், மெக்கானிக்குகள் அதைக் கண் என்பார்கள். அந்தக் கண்ணுக்குள் ஓர் இரும்புக் குழலைச் சுற்றி ஒரு ரப்பர்ச் சுருள். ரப்பர் உயிரோடு இருக்கும்வரை இரும்பும் இரும்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. செத்தால் பேசும். அந்தச் சுருளுக்கு அவர் மூன்று கடைகளில் மூன்று பெயர் கேட்டார்: ஜங்ஷன் கடையில் சைலன்ட் புஷ், தெற்கு பஜாரில் சைலன்சர் புஷ், மேலப்பாளையத்தில் சாகுல் கடைச் சீட்டில் சைலட் புஸ். எந்தப் பெயரானாலும் மௌனம் அதற்குள் எப்படியோ மாட்டிக்கொண்டிருந்தது, அது அவருக்குப் பிடித்திருந்தது. சாகுல்தான், போன மாதம், பொட்டலத்தைக் கையில் கொடுத்தபிறகு, சில்லறையை எடுக்கப் போகிறவன் போல ஒரு விஷயம் சொன்னான். அண்ணாச்சி, வண்டிய ஜாக்கில தூக்கி வச்சுக்கிட்டு நட்டு முறுக்கிறாதீங்க. பட்டை தொங்குத மேனிக்கு முறுக்கினா, கீழ எறக்கினதும் ரப்பரு திருகிக்கும், திருகின மேனிக்கே கெடந்து ஆறு மாசத்துல கிழிஞ்சுரும். எறக்கி வச்சு, சீட்ல பாரமும் ஏத்திட்டு, அப்புறம்தான் முறுக்கணும். நயினார் சரி என்றார். தெரியும் என்பதுபோல் தலையாட்டவும் செய்தார். அவருக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் இருப்புப்பாதை ஆய்வாளர். தண்டவாளத்தின் ஒரு மூட்டு கால் அங்குலம் தாழ்ந்தால் டிராலியில் உட்கார்ந்தபடியே இடுப்பால் கண்டுபிடித்துவிடுகிறவர். ஆனால் ஒரு ரப்பர்ச் சுருளைப் பாரம் இல்லாமல் முறுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதம் இதே கொட்டகையில், இதே பட்டையை, அந்தரத்தில் தொங்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இனி அசையாது என்று தோன்றும் மட்டும் முறுக்கினார். முறுக்கியபின் பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. இரண்டே மாதத்தில் அது பேசத் தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு, அந்த நாள்.

அந்த நாளைக் குறித்து இந்தக் குடும்பத்தில், பழஞ்சுவடிக்கு இருப்பதுபோல், பல பாடங்கள் வழங்கிவந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவானது இவ்வளவுதான்: கோமுவுக்கு அப்போது நாலாம் மாதம்; ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் ஒரு கல்யாண வீடு; நயினார் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்; மூன்றாம் நாள் எல்லாம் கலைந்துபோயிற்று. அதற்குமேல் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒட்டாது. அவர் மனைவி சண்முகவடிவின் பாடத்தில், கல்யாண வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கை நகர்த்த ஆளில்லாமல், ஏட்டி ஒரு கை பிடி என்று அவள்தான் மகளைக் கூப்பிட்டாள். அந்தக் குத்துவிளக்குதான் காரணம். கார்த்தீசனின் பாடத்தில் குத்துவிளக்கே கிடையாது. தான் லீவு கிடைக்கவில்லை என்று வராமல், நீயாவது போய்த் தலையைக் காட்டிட்டு வா என்று போனில் வற்புறுத்தியதுதான் காரணம். டாக்டரம்மாவின் பாடத்தில் காரணம் என்ற பாத்திரமே இல்லை. சிலருக்கு இப்படி ஆகும், யார் மேலும் பிசகு கிடையாது என்றார், அதனாலேயே அந்தப் பாடத்தை யாரும் நம்பவில்லை. நயினாருக்கு இதில் ஒன்று மட்டும் விளங்கியிருந்தது: ஒவ்வொரு பாடத்திலும் சொல்கிறவர் எவரோ அவரே குற்றவாளியாக நின்றார். அவருடைய பாடத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதில் குத்துவிளக்கும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. ரயில்வே கேட் மட்டும்தான். போகிற வழியில், தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கும்போது இடது பின்பக்கம் ஒரு தட்டு. டொக். இருக்கைக்கு நேர் கீழே, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. கண்ணாடியில் பார்த்தார். கோமு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ம், என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஒற்றை எழுத்தை ஐந்து வருஷமாக அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சில் அதற்கு எத்தனை வேஷம். ஆமாம் என்பதற்கு ஒரு ம், அது கீழே இறங்கும். என்ன என்று கேட்பதற்கு ஒரு ம், அது மேலே ஏறும். எப்படியோ போங்கள் என்பதற்கு மூக்கால் விடும் ஒன்று உண்டு, வடிவு அதில் கைதேர்ந்தவள். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில், வாயைத் திறந்து வைத்திருக்கும்போது வலி தாளாமல் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒன்று. கோமு அன்று சொன்னது எது? ஏறியதா இறங்கியதா? என்ஜின் இரைச்சலில் அதன் தலையும் வாலும் போய்விட்டன, நடு மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. வலித்ததா என்று அப்போதே கேட்டிருக்கலாம். மறுநாள் கேட்டிருக்கலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு கேட்க முடியாது. கேட்டால் அது கேள்வியாக இருக்காது, என் கார்தானே என்று அவளிடமே போய் நிற்பதாகிவிடும், இல்லை அப்பா என்று சொல்லவேண்டிய பாரத்தையும் அவள் தலையில் ஏற்றுவதாகிவிடும். ஆகவே கேட்கவில்லை. தட்டு எழுந்த அந்த மாதமே பட்டையைக் கழற்றாமலே, கண்ணுக்கு வெளியே ஒரு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஓட்டினார். பிறகு காரையே அதிகம் எடுக்கவில்லை. கடைத்தெருவுக்குப் பஸ், கோயிலுக்கு ஆட்டோ. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து கொட்டகைக்குள்ளேயே ஓடவிட்டு நிறுத்துவார். ரயிலை விட்டு எறங்கிப் பத்து வருஷமாச்சு, இன்னும் வண்டிக்கு அடியிலதான் குடித்தனம் என்று வடிவு சொல்லும்போதெல்லாம், மறுபேச்சுப் பேசாமல் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார்.

நீள போல்ட்டைக் கண்ணுக்குள் நுழைத்து, ஒரு புறம் குழாய்த்துண்டு, மறுபுறம் பெரிய வாஷர் வைத்து, நட்டைத் திருகத் திருகப் பழைய புஷ் ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக வெளியே நகர்ந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, சோப்புத் தண்ணீர்தான். அது முழங்கை வழியாக ஒழுகிக் கக்கத்துக்குள் புகுந்து சில்லிட்டது. வலப்பக்கத்துப் புஷ் நேற்று முழுசாக, கருகின இடியாப்பம் போல நாலா பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து வந்தது. இது அப்படி வரவில்லை. கடைசித் திருகில் மார்பின்மேல் பொத்தென்று விழுந்ததை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகக் கிழிந்து, ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டாற்போல் திருகின வாக்கிலேயே இறுகிப்போயிருந்தது. பிழிந்த கை யாருடையது என்று அதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சாகுல் சொன்னது உண்மையாக இல்லாமல் இருக்கலாம், கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்று ஒரு மாதமாக மனத்தின் மூலையில் ஒளித்துவைத்திருந்த ஒரு சலுகை அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. தரையில் வைக்க மனம் வரவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி உண்டு. இரண்டையும் போன வாரம் சைக்கிளில் போய் எண்ணிவிட்டு வந்தார். கேட் வழியாக நாலு கிலோமீட்டர், ஏழு குலுக்கல், அதில் ஒன்று கேட். சுற்றுச்சாலை வழியாகப் பதினேழு கிலோமீட்டர், இருபத்திரண்டு குலுக்கல், எல்லாம் சிறியவை. சுற்றுச்சாலைதான் என்று அன்றே முடிவு செய்தாயிற்று. முடிவு செய்தபின்னும் அந்த ஏழும் இருபத்திரண்டும் மாறி மாறி வந்து தராசில் உட்கார்ந்துகொண்டே இருக்கின்றன. தையலுக்கு எது கேடு, பெரிய ஒன்றா, சிறிய பலவா? இதை டாக்டரம்மாவிடம் கேட்டால் சிரிப்பார்.

புதிய புஷ் சோப்பில் வழுக்கிக்கொண்டு, எதிர்பார்த்ததைவிட நல்லபடியாகவே கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. பட்டையைத் தூக்கி இடத்தில் பொருத்தினார். போல்ட்டை நுழைக்கும்போதுதான் சந்தேகம் வந்தது: உள்புறம் வாஷர் ஒன்றா, இரண்டா? கழற்றும்போது எண்ணவில்லை, எண்ணாமல் விட்டது எப்படி என்று தம்மேலேயே எரிச்சலாக வந்தது, கை கிழிசலைத் தேடிய அவசரத்தில் கண் வாஷரைத் தவறவிட்டிருக்கிறது. போன தடவை மாட்டியபோது எழுதிவைத்திருப்பார். ரயில்வே பழக்கம், காருக்கென்று சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு, தேதி, இடம், பக்கம், குறிப்பு என்று நாலு கட்டம். கீழே கிடந்தபடியே வடிவைக் கூப்பிட்டார். நோட்டை எடுத்து, தை மாதத்துப் பக்கத்தில் இடது பின் பட்டைக்கு எத்தனை வாஷர் என்று பார் என்றார். அடுப்பில் குழம்பு கிடக்கு, கண்ணாடியும் ஆப்படலை என்று முனகிக்கொண்டே அவள் நோட்டைக் கொண்டுபோய், கொட்டகையைப் பார்த்த அறையில் கட்டிலில் படுத்திருந்த கோமுவிடம் கொடுத்துவிட்டு, உங்க அப்பாவுக்கு ஏதோ கணக்குத் தெரியணுமாம், பாத்துச் சொல்லு, இல்லைன்னா மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே தள்ளிவிடணும் என்று போனாள். ஜன்னலுக்குள் தாள் புரளும் சத்தம். பிறகு கோமுவின் குரல், தூங்கி எழுந்த குரல்.

"ரெண்டுப்பா. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

சரிம்மா என்றார். வாஷரை எடுத்து நுழைத்தார். நட்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். தாள் இன்னும் புரண்டுகொண்டிருந்தது. ஒன்று. இன்னொன்று. அப்போதுதான் அவர் கை நின்றது. தை மாதத்துக்கு அடுத்த பக்கம் மாசி; மாசிக்குப் பின்னால் பங்குனி. பங்குனியில் என்ன எழுதியிருக்கிறார் என்பதை ஐந்து வருஷத்தில் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை, பார்க்காமலே அந்த வரி ஒவ்வொரு எழுத்தாக இப்போது அவர் கண்முன் காரின் அடிவயிற்றில் எழுந்தது. ரயில்வே கேட். இடது பின்பக்கம், ஒரு தட்டு. குறிப்பு என்ற கட்டத்தில்: கோமு ‘ம்’ என்றாள். அதற்கு அடுத்து, மூன்றாம் நாளின் தேதி மட்டும் போட்டு, இடம், பக்கம், குறிப்பு மூன்று கட்டத்திலும் ஒவ்வொரு கோடு. முட்டாள், முட்டாள். தம் வாயாலேயே அந்த நோட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார். புரண்டு வெளியே வரப் பார்த்தார்; தோள் ஜாக்கியின் கைப்பிடியில் இடித்தது; இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே வந்து என்ன சொல்ல? நோட்டைக் கொடு என்று பிடுங்கவா? உள்ளே தாள் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அது படிக்கிற நிசப்தமா, படித்து முடித்த நிசப்தமா? அவள் இப்போது எதற்கும் கலங்கக் கூடாது. இரத்த அழுத்தம் நேற்றுத்தான் ஒழுங்குக்கு வந்தது. நாளைக் காலை பத்து மணி வரைக்கும் ஒரு தகப்பன் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான், மகளைக் குலுக்காமல் இருப்பது. அதைக் காரால் செய்யப் போய் நோட்டால் கெடுத்துவிட்டார். கிண்ணத்துச் சோப்புத் தண்ணீரில் ஓர் எறும்பு சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. அதை விரலால் எடுத்துத் தரையில் விட்டார். அது கொஞ்சம் நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, பிறகு போயிற்று.

வேலை கையை விடவில்லை. கை வேலையை விடவில்லை. மெள்ள ஊர்ந்து வெளியே வந்து, ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய ஸ்லீப்பர்க் கட்டைத் துண்டுகள் நாலையும் நாலு சக்கரத்துக்கும் கீழே தள்ளி, ஜாக்கியை ஒவ்வொரு பக்கமாக இறக்கினார். சக்கரங்கள் கட்டையில் அமர்ந்தன. பட்டைகள் பாரத்தை வாங்கிக்கொண்டு முனகின. இனி இருக்கையில் ஆள் பாரம் வேண்டும். கோமுவுக்குப் போன வாரம் அறுபத்தெட்டு கிலோ. இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன் இரண்டு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று, ஆக அறுபத்தைந்து. மிச்சம் மூன்றுக்கு வடிவின் அம்மிக் குழவியைக் கேட்கலாமா என்று நேற்று யோசித்து வைத்திருந்தார். கேன்களை உருட்டிக்கொண்டு வந்தபோது, வீட்டு முன்கதவு நிலையில் கையை ஊன்றி, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, கோமு இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வடிவு கரண்டியோடு, ஏட்டி, உன்னைய நாலு எட்டுத்தான் நடக்கச் சொல்லிருக்கு, எண்ணிக்கிட்டுத்தான் வாரியா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.  நோட்டு கோமுவின் கையில் இல்லை. அதுவே நயினாருக்குப் பெரிய ஆறுதலாகவும் பெரிய பயமாகவும் இருந்தது. அவள் நேரே வந்து காரின் இடது பின்கதவைத் திறந்தாள்.

"அரிசியும் கேனும் எதுக்கு? நான் இருக்கேன்லா," என்றாள். "உட்காரப் போறது நாந்தானே."

வேண்டாம்மா என்று சொல்ல வாய் எடுத்தார். நாலு சக்கரமும் கட்டையில் கெட்டியாக நிற்கிறது, கார் அசையாது, கொட்டகையில் நிழல் இருக்கிறது, வீட்டு நாற்காலியைவிட அந்த இருக்கை மெத்தென்றுதான் இருக்கும். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அவள் பக்கவாட்டில் திரும்பி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முறை. வடிவு குழம்பு வாசனை மாறுவதைப் பார்த்து உள்ளே ஓடினாள். நயினார் மறுபடி சாக்கின்மேல் படுத்து ஊர்ந்து உள்ளே போனார். முகத்தைக் காட்டாமல் இருக்க அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. பட்டை தாழ்ந்திருந்தது. விரலை வைத்து அளந்தார். வெறும் காருக்கு நாலு விரல் இருந்த இடைவெளி இப்போது மூன்றரை. அந்த அரை விரலில் அவர் மகளும், பெயர் வைக்கப்படாத இன்னொன்றும் இருந்தார்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டினார். மேலே இருக்கையின் வழியாக, தரைத்தகட்டின் வழியாக, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது.

"அப்பா."

"என்னம்மா."

"நோட்டுல ‘ம்’முன்னு எழுதியிருக்கு."

 சட்டைப் பைக்குள்ளிருந்த ரப்பர் மார்பில் உறுத்தியது.

"அது எதுக்குச் சொன்ன ‘ம்’முன்னு ஒங்களுக்கு ஞாபகமே இல்லையா?"

அவர் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்து மறுபடி மாட்டினார். கோமு காத்திருந்தாள். பிறகு, சிறுபிள்ளையில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒப்பிக்கும் அதே நிதானத்தில் சொன்னாள்.

"நீங்க கத சொல்லிட்டு வந்தீங்க. ஆள்காட்டிக் குருவி கத. தண்டவாளத்து ஜல்லிக்குள்ள நாலு முட்டை கெடந்துச்சுன்னு. நான் உம் கொட்டிக்கிட்டு வந்தேன். கேட்டுல தட்டுச்சு. ஒடனே நீங்க நிறுத்திட்டீங்க. மேல சொல்லுவீங்கன்னு நான் ஒரு ‘ம்’ போட்டுப் பாத்தேன். நீங்க சொல்லவே இல்ல."

கதை. அவர் கதை சொல்லிக்கொண்டு வந்தாரா? ஐந்து வருஷமாக அந்த வழியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு டொக்; அதற்கு முன்னால் தம்முடைய குரலே அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது அடியோடு அழிந்துபோயிருந்தது. கதை கேட்கிறவர் போடும் ம். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நான் இருக்கிறேன், மேலே சொல் என்று நீட்டிப் பிடிப்பது. எத்தனையோ ம்களை எண்ணிப் பார்த்தவர், பாயில் படுத்து இவள் சின்னப் பிள்ளையாக ஆயிரம் தடவை போட்ட அந்த ஒன்றை மட்டும் எண்ணவில்லை. மேலே இருக்கையின் ஸ்பிரிங் மெல்லக் கிறீச்சிட்டது. அவள் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"அன்னைக்குக் காலைலயே ரத்தம் பட்டுருச்சுப்பா," என்றாள் கோமு. "வீட்ட விட்டுக் கெளம்புததுக்கு முன்னாலயே. துளிதான். யார்ட்டயும் சொல்லலை. சொன்னா நெசமாயிரும்னு பயம். நீங்க கதைய ஆரம்பிச்சதும், இது முடியிற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுக்கிட்டேன். சொல்லியிருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாமோ என்னவோ."

இப்போது இன்னொரு பாடமும் கிடைத்துவிட்டது. இதிலும் சொல்கிறவளே குற்றவாளி. அது நடந்ததுதானா, அல்லது பங்குனி மாதத்து வரியைப் படித்துவிட்டுக் கட்டிலிலிருந்து இந்தக் கார் வரை நடந்த நாலு எட்டில், கீழே படுத்திருக்கும் ஒரு கிழவனுக்காக அவள் கட்டிக்கொண்டு வந்ததா? அவர் மனம் வழக்கம்போல அந்தக் கேள்வியை எடுத்தது; ஒரு தரம் புரட்டியது; கீழே வைத்துவிட்டது. எது மூலம், எது பிற்பட்டது என்று கேட்க அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது, தம்முடையதையும் சொல்லிவிடுவது.

"நான் தூக்கி வச்சுக்கிட்டு முறுக்கிட்டேம்மா," என்றார். குரல் தகட்டில் பட்டுத் தம் முகத்திலேயே விழுந்தது. "பாரம் இல்லாம. தெரியாமப் போச்சு."

"அதுவும்தான் போன மாசத்துப் பக்கத்துல எழுதியிருக்கே. சாகுல் சொன்னார்னு. ஒரு எடம் விடலையே நீங்க." அவள் சிரித்தாள், சிரிப்பில் பட்டை ஒரு நூல் ஆடியது. "அந்த முட்டைய என்ன செஞ்சீங்கன்னு மட்டும் எங்கயும் எழுதலை."

எழுத மாட்டார். உத்தியோகத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அதில் இருந்தது. கடம்பூருக்கு இந்தப்புறம், கேங்மேன் பேச்சிமுத்து ஒருநாள் டிராலியை மறித்துக் காட்டினான்: இரண்டு ஸ்லீப்பர்க் கட்டைகளுக்கு நடுவில், ஜல்லியோடு ஜல்லியாக, புள்ளி விழுந்த நாலு முட்டைகள். அன்று அங்கே ஜல்லி அடித்து இறுக்க வேண்டிய முறை. தாய்க் குருவி கொஞ்சம் தள்ளி நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நாள் அந்த இரண்டு கட்டையையும் தொடாமல் விட்டார்கள். பதிவேட்டில் ஜல்லி வரத்து இல்லை என்று நயினார் கையெழுத்துப் போட்டார். ஒருநாளைக்குப் பதினோரு வண்டி அந்த முட்டைகளுக்கு மேலே போயிற்று. வண்டி வரும்போது குருவி இறங்கி நிற்கும். போனதும் ஏறி உட்காரும். இதையெல்லாம் அவர் மெள்ள, விட்டு விட்டு, அடியில் கிடந்தபடியே சொன்னார். சொல்லும்போதே, இதே வார்த்தைகளை இதே வரிசையில் ஒருமுறை சொல்லியிருக்கிறோம் என்று நாக்குக்கு ஞாபகம் வந்தது. மேலே கோமு உம் கொட்டினாள். அன்று நிறுத்திய இடம் வந்தது. நாக்கு ஒரு கணம் தயங்கியது.

"பொரிச்சுதா, இல்லையா?"

"மூணு பொரிச்சுது," என்றார். "பொரிச்ச அன்னைக்கே எந்திரிச்சு நடந்துட்டு. பஞ்சுக்குக் கால் மொளைச்சாப்ல."

"நாலாவது?"

நாலும் பொரித்தது என்று சொல்லிவிடலாம். நாளைக்கு ஆஸ்பத்திரி, யார் போய்க் கேட்கப்போகிறார்கள், பேச்சிமுத்து இறந்தே பல வருஷம் ஆயிற்று. 

"நாலாவது பொரிக்கலம்மா. அப்படியே கெடந்துச்சு. பேச்சிமுத்து எடுக்க விடலை. பொறவு ஜல்லி அடிச்சப்பகூட, அது கெடந்த எடத்த விட்டுட்டு, சுத்தித்தான் அடிச்சோம்."

 சமையலறையில் வடிவு தாளிக்கும் ஓசை வந்து அடங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்த பழைய ரப்பரை எடுத்துத் தரையில், சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பட்டை அவர் முகத்துக்கு மேலே முழுப் பாரத்தையும் வாங்கி, புது ரப்பர் திருகல் இல்லாமல் அதனதன் இடத்தில் அமர்ந்து, காத்திருந்தது.

"நாளைக்குக் கேட்டு வழியாவே போயிருவோம்," என்றார்.

"ம்," என்றாள் கோமு.

அவர் ஸ்பேனரை இழுத்து நட்டை முறுக்கினார்.